அந்த பக்கிள் ஏன் விட்டது? 'க்ளிஃப்ஹேங்கர்' படம், கயிறு பிடிக்கிறவர்கள் பார்வையில்

1993 மே மாதம் வந்த படம். ரென்னி ஹார்லின் இயக்கம், சில்வெஸ்டர் ஸ்டாலோன் நாயகன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மலைப் படம் என்று பேச்செடுத்தால், மூணாறு ஜீப் ஸ்டாண்டானாலும் கொழிஞ்சாம்பாறை டீக்கடையானாலும் முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரே காட்சிதான். இரண்டு சிகரத்துக்கு நடுவே கம்பியில் ஒரு பெண் தொங்குகிறாள். அவள் கை கையுறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது.

இந்த விமர்சனத்தில் பாதி அந்தக் காட்சியைப் பற்றித்தான். பணப்பெட்டி, வெடிகுண்டு, துப்பாக்கி பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். கயிறு தெரிந்தவர்களுக்குச் சொல்ல விஷயம் இருப்பது முதல் பத்து நிமிஷத்தில். அதற்கப்புறம் படம் எடுத்த விதத்தில்.

கதை இவ்வளவுதான். அமெரிக்காவின் ராக்கி மலையில் மீட்புப் பணி செய்கிறவன் கேப். அவன் நண்பன் ஹால் முழங்காலில் அடிபட்டு, காதலி சாராவோடு ஒரு ஒற்றைச் சிகரத்தின் உச்சியில் மாட்டிக்கொள்கிறான். அவர்களை இறக்கும்போது சாரா விழுந்து இறக்கிறாள். எட்டு மாதம் கழித்து கேப் ஊருக்குத் திரும்பும் நேரத்தில், நடுவானில் ஒரு விமானத்திலிருந்து கொள்ளையடித்த 10 கோடி டாலர் மூன்று பெட்டிகளில் மலையில் விழுகிறது. கொள்ளைக் கூட்டம் கேப்பையும் ஹாலையும் வழிகாட்டிகளாகப் பிடித்துவைத்துத் தேடுகிறது. மீதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். ஊகம் தப்பாகவும் போகாது.

முதல் காட்சிக்கு வருவோம். சிகரத்திலிருந்து எதிர்ப்பாறைக்கு ஒரு இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். ஹால் முதலில் கடந்துவிடுகிறான். அடுத்து சாரா. பாதி தூரத்தில், இடுப்பையும் தொடையையும் சுற்றிக் கட்டும் பாதுகாப்பு வாரான ஹார்னஸின் பக்கிள் (வாரைப் பூட்டும் உலோகக் கொக்கி) தெறிக்கிறது, வார் பிரிகிறது, அவள் ஒரு வாரைப் பிடித்துத் தொங்குகிறாள். கம்பி இரண்டு பேரைத் தாங்காது என்ற எச்சரிக்கையை மீறி கேப் பின்னாலேயே போகிறான், கையைப் பிடிக்கிறான், கையுறை மட்டும் அவன் கையில் மிஞ்சுகிறது.

நடிப்பாகவும் படத்தொகுப்பாகவும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹார்னஸ் அப்படி உடையாது. மலையேற்ற ஹார்னஸுக்கான ஐரோப்பியத் தரம் 15 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்கச் சொல்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 1,500 கிலோ. ஒரு ஆள் சும்மா தொங்குவதற்கெல்லாம் அந்த உலோகம் அசையாது. படம் வந்தபோது மலையேறிகளுக்கு இதில் ரொம்பவே கோபம். அந்தக் காட்சியில் வரும் ஹார்னஸ் பிளாக் டைமண்ட் தயாரிப்பு. அது படப்பிடிப்புக்காகவே தனியாக மாற்றப்பட்டது என்று படத்தின் கடைசி எழுத்துகளில் ஒரு அறிவிப்பே போட்டிருக்கிறார்கள். பொறுமையாக உட்கார்ந்தால் பார்க்கலாம்.

அப்படியானால் நிஜத்தில் ஹார்னஸ் விட்டுப்போவதே இல்லையா? போகும். உலோகம் உடைந்து இல்லை, வார் நழுவி. பழைய மாதிரி பக்கிளில் வாரை ஒரு தடவை விட்டு, மறுபடி மடக்கி அதே பக்கிளுக்குள் திருப்பி விட வேண்டும். வெளியே மிஞ்சுகிற வால் குறைந்தது நாலு விரல் அகலம் இருக்க வேண்டும். திருப்பி விடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதில்தான் ஆபத்து. நடக்கும்போது பிடிக்கும், உட்கார்ந்து பார்த்தாலும் பிடிக்கும், முழு எடை ஏறி ஆடும்போது மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வார் பின்வாங்கும். ஒரு எளிய அடையாளம் உண்டு. பக்கிளின் உலோகம் முழு வட்டமாகக் கண்ணில் பட்டால் திறந்திருக்கிறது. வார் அதன்மேல் திரும்பி வந்து பாதியை மறைத்து, பிறை மாதிரி தெரிந்தால் பூட்டியிருக்கிறது. இப்போது வருகிற தானாகப் பூட்டும் பக்கிள்களில் இந்தத் தொல்லை குறைவு. வாடகைக்குக் கொடுக்கிற பழைய ஹார்னஸ்களில் இன்னும் உண்டு.

பக்கிள் உடைந்ததை விட்டுவிடலாம், சினிமா. உண்மையான தப்பு வேறு. சாராவையும் கம்பியையும் இணைத்தது ஒரே ஒரு இணைப்பு. இரண்டாவது இல்லை. எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் அவளை இழுத்துக்கொள்ள ஒரு இழுகயிறும் இல்லை. மீட்பு வேலையில் இருப்பவன் அனுபவமே இல்லாத ஒரு பெண்ணை இப்படி அனுப்புவானா? முறைப்படி என்றால் கம்பியில் ஒரு புல்லி, அதற்குப் பின்னால் தனி ஸ்லிங்கில் (வலுவான நாடா வளையத்தில்) இன்னொரு காரபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி). ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். மார்பிலும் ஒரு ஹார்னஸ் போட்டிருந்தால் இடுப்புவார் பிரிந்தாலும் ஆள் கவிழ்ந்து வெளியே வர வழியில்லை. வாகமண், மூணாறு பக்கம் ஜிப்லைனில் ஏறுகிறவர்கள் இந்தக் காட்சியிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. கிளம்புவதற்கு முன் தலைக்கு மேலே பார்த்து இணைப்புகளை எண்ணுங்கள். ஒன்றுதான் இருந்தால் இறங்கி வந்துவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

கம்பி இரண்டு பேரைத் தாங்காது என்ற வசனத்தை வெறும் பதற்றத்துக்காக எழுதியது என்று நினைக்க வேண்டாம். படத்தில் நுட்பமாகச் சரியான இடம் அதுதான். வீட்டில் துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். தொய்வாகக் கட்டினால் ஈர வேட்டி தரையைத் தொடும், ஆனால் ஆணி நிற்கும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதே வேட்டி ஆணியைப் பிடுங்கிவிடும். 30 மீட்டர் இடைவெளியில் கட்டிய கயிற்றின் நடுவே 80 கிலோ ஆள் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 3 மீட்டர் தொய்ந்தால் கயிற்றின் இழுவை சுமார் 200 கிலோ. 1.3 மீட்டர் மட்டும் தொய்ந்தால் 460 கிலோ. ஒரு அடி மட்டுமே தொய்கிற அளவுக்கு விறைப்பு என்றால் கிட்டத்தட்ட 2 டன். மீட்புக்குப் பயன்படுத்தும் நீளாத கயிறு 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ தாங்கும் என்றுதான் தரச் சான்று. அதில் முடிச்சுப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வரை பலம் போகும். அதன் நடுவில் இரண்டாவது ஆள் ஏறினால், தொய்வு மாறாத வரை எல்லாக் கணக்கும் இரட்டிப்பு. இரும்புக் கம்பி இன்னும் பலமானதுதான், ஆனால் அது நீளாது, அதிர்ச்சியை உள்வாங்காமல் அப்படியே இரு பக்கமும் பாறையில் அடித்த ஆணிக்குக் கடத்தும். பத்தில் ஒரு பங்கு தொய்வு விடு என்று கயிறு கட்டுகிறவர்கள் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். விறைப்பாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும், கடக்கவும் சுலபம், அதனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் விறைப்பாகத்தான் கட்டுவார்கள்.

இனி அந்தக் கை. கேப் ஹார்னஸில் தொங்குகிறான், அவனுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கிறது. இடுப்பில் காரபைனர்கள் வரிசையாகத் தொங்குகின்றன. போனவுடன் அவன் செய்திருக்க வேண்டியது, ஒரு 120 சென்டிமீட்டர் ஸ்லிங்கை அவள் மணிக்கட்டிலோ அக்குளிலோ சுருக்குப் போட்டுத் தன் ஹார்னஸோடு மாட்டுவது. பழகிய ஆளுக்குச் சில விநாடி வேலை. அவனோ விரலோடு விரல் பிடிக்கிறான், அதுவும் கையுறை மேல். கையுறை, வேர்வை, நடுக்கம், எல்லாம் சேர்ந்தால் விரல் பிடி நிற்காது. மணிக்கட்டோடு மணிக்கட்டு பிடித்தால் ஒருவர் பிடி தளர்ந்தாலும் மற்றவர் பிடி இருக்கும். இதெல்லாம் கேப்புக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் பதற்றத்தில் முதலில் கைதான் நீண்டது. அப்படிப் பார்த்தால் காட்சி உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பயிற்சி இல்லாதவர்கள் மட்டுமே தப்புச் செய்வார்கள் என்று படம் சொல்லாதது எங்களுக்குப் பிடித்திருந்தது.

கயிறு பிடிக்கும் ஆள் யார் என்பதுதான் ஹாலுக்கும் கேப்புக்கும் இடையில் படம் முழுக்க ஓடுகிற சண்டை. நம் பக்கத்து மலைகளில் இந்தக் கேள்விக்குப் பழைய பதில் உண்டு. ஆனைமலைக் காடர்கள் தேன் எடுக்கக் கொடியில் பாறையிறங்கும்போது மேலே மனைவியோ மகனோ காவல் இருப்பார்கள் என்று நூறு வருஷத்துக்கு முந்தைய பதிவுகளிலேயே இருக்கிறது. இறங்கிய வழியாகவேதான் ஏற வேண்டும், அடிவாரம் பக்கத்தில் இருந்தாலும் அங்கே இறங்கிவிடக் கூடாது என்பதும் அவர்கள் வழக்கம். வழக்கம் என்று சொன்னாலும் அதில் கயிற்று அறிவு இருக்கிறது. இறங்கும்போது எடை தாங்கிய கட்டு, ஏறும்போதும் தாங்கும் என்று தெரியும். கீழே இருக்கிற வழி தெரியாது.

படம் எடுத்த கதை, படத்தின் கதையை விட நன்றாக இருக்கிறது. ராக்கி மலை என்று காட்டுவது பெரும்பாலும் இத்தாலியின் டோலமைட் மலைகள், கோர்ட்டினா தம்பெட்சோ ஊரைச் சுற்றி. பார்த்தவுடன் தெரிந்துவிடும். கால்சியமும் மக்னீசியமும் கலந்த வெளிர் பாறை, கத்தியால் சீவினது போல நேர்க்குத்தாக நிற்கும். நெல்லியாம்பதி, ஆனைமலைப் பக்கம் நாம் பார்க்கிற கரும்பாறை மழையில் தேய்ந்து யானை முதுகு மாதிரி உருண்டிருக்கும்; அதில் இந்தப் படத்தை எடுத்திருந்தால் பாதி பயம் போயிருக்கும். படத்தில் வரும் தொங்குபாலம் மோண்டே கிறிஸ்டாலோ மலையில் இருக்கிறது. முதல் உலகப்போர் காலத்து மலைப் பாதையில், பாறையோடு இரும்புக் கம்பி பதித்து வைத்திருக்கும் ஏறுபாதையின் ஒரு பகுதி அது. நீளம் 27 மீட்டர். கம்பியில் மாட்டிக்கொண்டு இன்றும் கடந்து போகிறார்கள்.

ஸ்டாலோனுக்குப் பதிலாகப் பாறையில் ஏறியவர்களில் முக்கியமானவர் வோல்ஃப்காங் கூலிக் என்ற ஜெர்மானியர். பெயர் கேள்விப்படாதவர்களுக்கு: 1991-இல் ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பாறைப் பகுதியில் 'ஆக்‌ஷன் டைரக்ட்' என்ற தடத்தை முதலில் ஏறியவர். பாறைத் தடங்களின் கடினத்தை அளக்கும் வரிசையில் 9ஏ என்ற படியைத் தொட்ட உலகின் முதல் தடம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அது. பெரும்பாலும் விரல் ஒன்றோ இரண்டோ மட்டும் நுழையும் சிறு குழிகளைப் பிடித்து, சாய்ந்த பாறையில் தாவ வேண்டும். அதற்கு விரல்களைத் தயார்ப்படுத்த, சாய்த்து வைத்த பலகையில் மெல்லிய மரச்சட்டங்களை வரிசையாக அடித்து, கால் படாமல் கையாலேயே ஏறி இறங்குகிற முறையை அவர் உருவாக்கினார். இன்று உலகம் முழுக்க ஏறுசுவர்க் கூடங்களில் இருக்கிற கேம்பஸ் பலகை அதுதான். நியூரம்பர்க்கில் அவர் பயிற்சி எடுத்த கூடத்தின் பெயரால் வந்தது. 1992 ஆகஸ்ட் கடைசியில் கார் விபத்தில் சிக்கி 31 வயதில் இறந்துபோனார். படத்தை அவர் நினைவுக்குச் சமர்ப்பித்திருக்கிறார்கள். மேற்கூரை மாதிரி நீண்ட பாறையின் அடியில் ஒற்றைக் கையில் தொங்கும் தூரக் காட்சிகளில் ஸ்டாலோனின் புஜத்தைப் பார்க்காதீர்கள். கால் எங்கே வைக்கப்படுகிறது என்று பாருங்கள். நடிகர் வைத்த காலை மறுபடி மறுபடி சரிசெய்வார். ஏறத் தெரிந்தவர் வைத்த காலை மறுபடி நகர்த்தவே மாட்டார்.

நடிகர்களின் பாதுகாப்புக் கம்பிகள் படத்தில் தெரியாமல் கம்ப்யூட்டரில் அழிக்கப்பட்டன. 1993-க்கு அது புதுசு. காட்சி விளைவு, ஒலி, ஒலி விளைவு என்று மூன்று பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கதையில் ஒருத்தருக்கும் இரண்டாவது இணைப்பு கிடையாது. படப்பிடிப்பில் எல்லோருக்கும் இருந்தது, அதை உட்கார்ந்து துடைத்தார்கள்.

ஒரு காட்சியில் மட்டும் துடைக்க வேலையில்லை. இரண்டு ஜெட் விமானங்களுக்கு நடுவே கம்பியில் ஒருவர் கடப்பது. சுமார் 15,000 அடி உயரத்தில் சைமன் கிரேன் என்ற ஸ்டண்ட் கலைஞர் ஒரே ஒரு முறை செய்தார். சம்பளம் 10 லட்சம் டாலர். மிக அதிகச் செலவில் எடுத்த வான்வழி ஸ்டண்ட் என்று கின்னஸில் ஏறியது. மலைக்காட்சிகள் இத்தாலியில் என்றாலும் இதை மட்டும் அமெரிக்காவுக்குப் போய் எடுத்தார்கள். திரையில் சில விநாடிதான், ஆனால் கம்பி காற்றில் வில்லாக வளைவதைப் பாருங்கள். மேலே சொன்ன தொய்வுக் கணக்கு அங்கே கண்முன்னால் நடக்கிறது.

இனிக் குறைகள். முதலில் அந்த போல்ட் துப்பாக்கி. கேப் பாறையில் சுட்டால் ஆணி பதிந்து, அதிலேயே தொங்கலாம். கான்கிரீட்டில் ஆணி சுடும் கருவி கட்டட வேலையில் உண்டு, அதை வைத்துக் கற்பனை செய்திருக்கிறார்கள். பாறையில் அப்படிச் சுட்டால் ஆணியைச் சுற்றி விரிசல்தான் மிஞ்சும். நிஜத்தில் 10 மில்லிமீட்டர் துளை போட வேண்டும், துளைத் தூசியை ஊதியோ பிரஷ் விட்டோ முழுக்க எடுக்க வேண்டும், விரியும் போல்ட்டை அடித்து இறக்கி நட்டை அளவாக முறுக்க வேண்டும். பேட்டரி டிரில் இருந்தால் துளை சட்டென்று முடியும். கையால் சுத்தியலும் உளியும் என்றால் நம் ஊர்க் கரும்பாறையில் ஒரு துளைக்கே அரை மணி ஆனாலும் ஆச்சரியமில்லை. நிறையப் பேர் தவறவிடுவது தூசி எடுப்பது. தூசி உள்ளே இருந்தால் போல்ட் விரிந்து பிடிப்பது பாறையை இல்லை, மாவை.

அடுத்தது குளிர். கூட்டத்துக்காரர்கள் கேப்பின் ஜாக்கெட்டைப் பிடுங்கி, டி-ஷர்ட்டோடு, காலில் கயிறு கட்டி ஏற்றிவிடுகிறார்கள். காலில் கட்டிய கயிறு நல்ல கற்பனை. விழுந்தால் தலைகீழ், தப்பி ஓடவும் முடியாது, வில்லன் யோசிப்பான் என்று நம்பலாம். டி-ஷர்ட்டைத்தான் நம்ப முடியவில்லை. குளிரில் முதலில் போவது விரல். உடம்பு உள்ளே சூட்டைக் காப்பாற்றக் கைகால் ரத்தத்தைக் குறைத்துவிடும். பாறை விளிம்பைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கமும் தடுமாற்றமும். 32-க்குக் கீழே நடுக்கமே நின்றுவிடும், அதுதான் மோசமான அறிகுறி. கேப் உறைந்த நீருக்குள் விழுந்து எழுந்தும் சண்டை போடுகிறான். பனி இருந்தால்தான் இந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம். மீசைப்புலிமலையில் ஆடி மாத மழைக்காற்றில் நனைந்த பருத்திச் சட்டையோடு நின்றால் பூஜ்யம் டிகிரி தேவையே இல்லை.

ஹெலிகாப்டரும் இந்தப் படத்தில் நினைத்த இடத்தில் எல்லாம் ஆட்டோ மாதிரி வந்து நிற்கிறது. பாலக்காட்டுக்காரர்களுக்கு இது எவ்வளவு தப்பு என்று விளக்கத் தேவையில்லை. 2022 பிப்ரவரியில் மலம்புழை செராடு பக்கம் குறும்பாச்சி மலைப் பாறை இடுக்கில் மாட்டிய இளைஞரை ஹெலிகாப்டர் நெருங்க முடியவில்லை. செங்குத்துப் பாறைக்குப் பக்கத்தில் இறக்கை சுற்ற இடம் வேண்டும். கீழே தள்ளிய காற்று பாறையில் மோதித் திரும்பி அடிக்கும். பாலக்காட்டுக் கணவாயில் அந்த மாதங்களில் கிழக்குக் காற்று வேறு. ஏறக்குறைய 45 மணி நேரம் கழித்து, பிப்ரவரி 9 காலையில் ராணுவ வீரர் ஒருவர் மேலிருந்து கயிற்றில் இறங்கித் தண்ணீர் கொடுத்து, ஹார்னஸ் மாட்டி, தன்னோடு இணைத்து மேலே கொண்டுபோனார். ஹெலிகாப்டர் உதவியது உச்சிக்கு வந்த பிறகுதான். கேப் செய்யத் தவறிய வேலையை அன்று தொலைக்காட்சியில் எல்லோரும் நேரலையில் பார்த்தார்கள்.

மற்றவை சுருக்கமாக. ஹாலாக வரும் மைக்கேல் ரூக்கர்தான் படத்தில் நல்ல நடிகர். துக்கத்தைக் கோபமாக வைத்திருக்கிறார். வில்லன் ஜான் லித்கோ ரசித்து மிகைப்படுத்துகிறார். டிரெவர் ஜோன்ஸின் இசை மலைக்கு ஏற்ற பெரிய இசை. இரண்டாம் பாதியில் அடிதடி கொடூரமாக இருக்கும், சின்னப் பிள்ளைகளோடு பார்க்கும் படமில்லை. நீளம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கயிறு வேலை பழகுகிறவர்களுக்கு என்றால் இப்படிப் பாருங்கள். முதல் காட்சியை ஒரு தடவை சும்மா பார்க்கவும். அடுத்த தடவை சத்தத்தை அணைத்து, முகங்களை விட்டுவிட்டு இடுப்பை மட்டும் பார்க்கவும். சாரா கம்பியில் ஏறுவதிலிருந்து பக்கிள் தெறிப்பது வரை, எத்தனை இடத்தில் யாராவது ஒருவர் கை நீட்டி அந்த வாரை இழுத்துப் பார்த்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.